மிஷின் ஓடும் வரைக்கும்

அந்த மில்லிங் மிஷினை நான் முதன்முதலில் பார்த்தபோது அதன் வயிற்றுக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அரியலூருக்கு வெளியே, பூட்டிக் கிடந்த ஒரு பட்டறையின் பின்பக்கம். மோட்டார் இருக்கவேண்டிய பொந்தில் மோட்டார் இல்லை. வைக்கோலும் கோழியும் இருந்தன. என் வீட்டுக்காரர் கையை விட, அது கொத்தியது. "இதையா வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன். ஆள் உயரத்துக்கு இரும்பு, மேலெல்லாம் துரு, துருவுக்கு மேல் கோழி எச்சம். அவரோ, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. சோறு கொண்டுபோன கையோடு அங்கேயே நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுக்க ஆரம்பித்த நான், கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் லேத்தில் அச்சுக்கு மாட்டும் புஷ் வளையம் கடையும் அளவுக்கு வந்துவிட்டேன். பொம்பளை லேத் ஓட்டுகிறாள் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களுடைய கிணற்று மோட்டாருக்கும் நான்தான் புஷ் கடைந்து கொடுத்தேன். ஆனால் பல்சக்கரம் உடைந்து வந்தால் மட்டும் கையை விரித்துவிடுவோம். பல் வெட்டுவதற்கு மில்லிங் மிஷின் வேண்டும், அதற்குத் திருச்சிக்குத்தான் போகவேண்டும். குன்னத்துப் பருத்தி மில்காரர் ஒருவர் உடைந்த சக்கரத்தைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டித் திருச்சி பஸ் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும்.

இவருக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. இவரோடு ஒன்றாக வேலை கற்றுக்கொண்ட சேக்காளி துபாய் போய், லீவில் வரும்போது டேப்ரெக்கார்டரோடு வந்தான். அன்றிலிருந்து இவருக்கு இங்கே கால் நிற்கவில்லை. எனக்குச் சொல்லாமலே பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். என் அக்கா வீட்டுக்காரர் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். போனவர் போனவர்தான். அக்கா விக்கிரமங்கலத்தில் அப்பா வீட்டில் இன்னும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஓடி வந்துவிட்டார். அப்போது இவர் வாய்தவறிச் சொன்னார்: "பல்லு வெட்டுற மிஷின் ஒண்ணு இங்க இருந்தா நான் எதுக்குடி போறேன்?"

நான் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோழியோடு கிடந்த அந்த இரும்பைத் தேடிக் கண்டுபிடித்து லாரியில் ஏற்றி வந்ததற்கு அதுதான் காரணம்.

பட்டறையில் இறக்கிய அன்றைக்கே மிஷின் முன்னால் சூடம் ஏற்றினேன். "இந்தச் சூடத்த அணைச்சு சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். "இந்த மிஷின் ஓடுற வரைக்கும் நான் எங்கயும் போவல. போதுமா?" என்றார். போதும்தான். எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை யாரும் மீறமாட்டார்கள். அவர் குடும்பத்தில் அது இன்னும் அதிகம். அவருடைய சித்தப்பா ஒருவர் வரப்புத் தகராறில் பொய்ச் சத்தியம் செய்து, அந்த வருஷமே குரல் போய் ஊமையானவர். அவர் கையால் சைகை காட்டித் தண்ணீர் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர் இவர்.

மிஷினைப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரும்பு நன்றாகத்தான் இருந்தது. பாழாய்ப் போயிருந்தது எண்ணெய் போகிற பாதை. மிஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி, அதன் மேல் ஒரு கைப்பிடி. காலையில் அந்தக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிட்டால், தொட்டியிலிருந்து எண்ணெய் மெல்லிய செம்புக் குழாய்கள் வழியாக ஏறி, மேஜை நகரும் இடங்களுக்கும் அதை நகர்த்தும் திருகு மறைகளுக்கும் தானாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு குழாயின் வாயிலும் குன்றிமணி அளவில் ஒரு ஜெட், அதில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஓட்டை. எத்தனை வருஷத்து எண்ணெயோ, உள்ளே கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. யாரோ ஒரு மகராசன் குழாய் அடைத்ததும் அதைக் கழற்றிச் சரிசெய்யாமல் நசுக்கி மடக்கிவிட்டு மிஷினை ஓட்டியிருந்தான். எண்ணெயே இல்லாமல் இரும்பை இரும்பின் மேல் தேய்க்க ஒருவனுக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் கை பெரிய கை, அந்த இடுக்குகளில் நுழையாது. என் கை நுழைந்தது. சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒற்றை இழையாக்கி, ஜெட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகக் குத்தினேன். குழாய்களை சைக்கிள் பம்பால் ஊதினேன். என் உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம், சோற்றிலும் அதே நாற்றம். தொட்டியின் அடியில் எண்ணெயை வடிகட்ட ஒரு கம்பளி வில்லை இருக்கவேண்டும், அதைக் கரப்பான் தின்றிருந்தது. திருச்சியிலிருந்து கம்பளித் துண்டு வாங்கி வரச் சொல்லி, வட்டமாக வெட்டி, பிரியாமல் இருக்க ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்தேன். "ஜாக்கெட்டுக்குக்கூட இவ்வளவு அழகா தச்சதில்ல" என்று அவர் கேலி செய்தார். அதைத் தொட்டியின் அடியில் வைத்து, தகடு போட்டு, நான்கு திருகாணிகளால் இறுக்கினார்.

புது எண்ணெய் ஊற்றிக் கைப்பிடியை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். பிறகு ஒரு ஜெட்டின் வாயில் ஒரு துளி துளிர்த்தது. அடுத்ததில் ஒன்று. எல்லா வாயிலும் துளி நின்றதும் நான் கத்திய கத்தலில் டீ மாஸ்டர் மறுபடியும் ஓடி வந்தார். அந்த வாரமே பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டி, குன்னத்துக்காரரின் சக்கரத்துக்கு நாங்களே பல் வெட்டினோம்.

என் அப்பாவும் பார்க்க வந்தார். அப்பா வண்டிக்காரர். விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் மார்க்கெட் கமிட்டிக்குக் கடலை மூட்டையும் பருத்தியும் ஏற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு. மாடு பிடிக்கப் போன இடத்தில் சுற்றி வருவது போல மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது என்னா குடிக்கும், ஆயி?" என்று என்னைக் கேட்டார். எண்ணெய் குடிக்கும் என்றேன். "நம்ம வண்டி அச்சு மாதிரின்னு சொல்லு" என்று திருப்தியோடு தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் சேக்காளி அனுப்பிய ஆள் பட்டறைக்கு வந்தான். விசா வந்துவிட்டதாம், மெட்ராஸ் வரவேண்டியதுதான் பாக்கி. "நான் வரலன்னு சொல்லிடுப்பா. இங்க மிஷின் ஓடுது" என்று இவர் சொன்னது உள்ளே நின்ற எனக்குக் கேட்டது. அன்றைக்கு அவருக்குக் கறிக்குழம்பு வைத்தேன். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துக் கைப்பிடி கனக்க ஆரம்பித்தது. காலையில் இழுத்தால் பாதியில் நின்றது. "எண்ணெ கெட்டியா இருக்கும், பனிக்காலம்ல" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனாலும் தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் முற்பகல். பல் வெட்டும் கட்டர் சுழன்றுகொண்டிருந்தது, சக்கரம் பாதி வெட்டியிருந்தது. நான் எதிர்ப்பக்கம் நின்று தூரிகையால் தூளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மேஜை திடீரென்று இறுகி நின்றது. அடுத்த நொடி வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கட்டர் சிதறி, ஒரு துண்டு என் காதோரம் விர்ரென்று போய்ப் பின்னால் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. என்ன நடந்தது என்றே எனக்கு விளங்கவில்லை. கையில் தூரிகை அப்படியே இருந்தது. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது, தொட்டால் ரத்தம். மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் உயிரே இல்லை. "ஒண்ணுமில்லல்ல? ஒண்ணுமில்லல்ல?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என் மேல் இவ்வளவு உயிரா என்று அந்த அதிர்ச்சியிலும் எனக்குள் ஒரு சந்தோஷம்.

மறுநாள் அவர் சொன்னதுதான் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. "மேஜ பிடிச்சுக்கிச்சு. இனிமே இது ஆவாது. எடைக்குத்தான் போடணும்."

பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. ஐந்து நிமிஷத்தில் தூக்கிப்போடவேண்டிய வாஷரைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து மாரடிக்கிற மனுஷன் அவர். ராப்பகலாக உயிர் கொடுத்த மிஷினைத் திறந்து பார்க்காமலே செத்துவிட்டது என்கிறார். அந்த வாரமே, ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் கிளம்பிவிட்டார். "மிஷின் இருந்தப்ப நான் சத்தியத்த மீறல. இப்ப மிஷினே இல்லியே, என்னா பண்ணச் சொல்ற?" என்று போகும்போது கேட்டார்.

அவர் பஸ் ஏறியதும் நான் ஸ்பானரை எடுத்தேன். முதலில் எண்ணெய்க் குழாயைக் கழற்றினேன். உள்ளே கன்னங்கரேல் என்று ஒரு குழைவு. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

அது மிஷின் எண்ணெயே இல்லை. வண்டி மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்களே, அச்சில் தடவ, அது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வாடை. அதிலும் அப்பா குழைக்கும் மையில் கொஞ்சம் வேப்பெண்ணெய் சேர்ப்பார். அந்தக் கசப்பு வாடையும் இருந்தது.

எங்கப்பாவா? எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை எழுத முடியாது. பெற்ற அப்பாவைப் பட்டறையில் தனியாக நின்றுகொண்டு திட்டினேன். தெரியாத மிஷினில் இந்தக் கிழவனுக்கு என்ன கை அரிப்பு என்று கத்தினேன். வண்டி அச்சுக்கு எவ்வளவு கெட்டியான மையும் தாங்கும். தலைமுடி ஓட்டைக்குள் கரி போனால் என்ன ஆகும்? எல்லா ஜெட்டும் அடைத்து, எண்ணெய் வராமல் மேஜை காய்ந்து, இரும்பும் இரும்பும் கவ்விக்கொண்டுவிட்டன. என் கன்னத்துக் காயம் அப்போதும் எரிந்தது.

அந்தக் கோபத்தோடுதான் தொட்டியைக் கழற்றினேன். கவிழ்த்துத் தகட்டைப் பிரித்தேன். வடிகட்டி இல்லை.

கம்பளி வில்லை அங்கே இருந்திருந்தால் கரி அதிலேயே தங்கியிருக்கும், குழாய்க்குள் போயிருக்காது. அதை எடுக்க நான்கு திருகாணிகளைக் கழற்றவேண்டும். எங்கப்பா ஜென்மத்தில் திருப்புளியைத் தொட்டவர் இல்லை. தொட்டிக்குள் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி நான்.

அவருடைய டூல் பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டில், மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, பேப்பரில் மடித்து வைத்திருந்தது. சிவப்பு நூல் தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. அதைத் தூக்கிப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. பத்திரமாக வைத்திருந்தாரே, அதுதான் தாங்கமுடியவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் விக்கிரமங்கலம் போனேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "என்னா ஆயி, மிஷின் இப்ப சத்தமில்லாம ஓடுதா?"

"நீ என்னாப்பா பண்ணுன அதுக்கு?"

"மாப்ள சொல்லலியா ஒங்கிட்ட? கடை எண்ணெயெல்லாம் தண்ணியா ஓடிப்போவுது மாமா, ஒங்க வண்டி மைதான் ஒட்டி நிக்கும், கொஞ்சம் கொண்டாங்கன்னாரு. நல்ல ஆமணக்காப் பாத்து ஆட்டி, கரிய துணியில சலிச்சு, ரெண்டு கொழா கொண்டாந்தேன். நீ அன்னிக்கி ரேஷனுக்குப் போயிருந்த."

"யாரு ஊத்துனது?"

"நாந்தான். அவரு பக்கத்துல நின்னாரு. ஒங்க கையால ஊத்துங்க மாமா, ராசியான கைன்னாரு." அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். மருமகன் தன்னிடம் ஒன்று கேட்டாரே என்ற பெருமை அவர் முகமெல்லாம் இருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. சத்தியத்தை மீற அவருக்குப் பயம். மிஷின் ஓடும் வரைக்கும் போகமாட்டேன் என்று சொன்னவர், ஓடாமல் ஆக்கிவிட்டால் போகலாம். அதையும் சூடம் அணைத்த கையால் செய்யப் பயந்து, ஒன்றும் தெரியாத என் அப்பாவின் கையால் செய்திருக்கிறார். சாமியையே ஏமாற்ற வழி கண்டுபிடித்த மனுஷனிடம் பெண்டாட்டி எம்மாத்திரம்?

"ஏம்மா பேசமாட்டேங்குற? ஓடுதுல்ல?" என்றார் அப்பா.

"ஓடுதுப்பா. சத்தமே இல்ல" என்றேன். அக்கா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். விளக்கெண்ணெய் சூட்டில் பிசினாகி இருந்தது, மண்ணெண்ணெய்க்குக் கரையவில்லை. ஜெட்டுகளைச் சாராய ஸ்பிரிட்டில் போட்டுக் கொதிநீரில் வைத்து, பிரேக் ஒயர் இழையால் மறுபடி குத்தினேன். ஜாக்கி வைத்து மேஜையை நகர்த்தினேன். அடியில் கீறல் விழுந்திருந்தது. எண்ணெய்க் கல்லை வைத்துத் தேய்த்தேன், அழுதுகொண்டே தேய்த்தேன். அழுகை ஆத்திரத்தில் வந்ததுதான். சிவப்பு நூல் வில்லையைப் பழைய இடத்தில் வைத்து நான்கு திருகாணியையும் இறுக்கினேன். புது எண்ணெய் ஊற்றி இழுத்தேன். எல்லா வாயிலும் துளி நின்றது. இந்த முறை நான் கத்தவில்லை.

மெட்ராஸிலிருந்து அவர் வந்தது ஒரு சாயங்காலம். தெருவில் பையோடு வருவதைப் பார்த்ததும் மோட்டாரைப் போட்டேன். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேயைப் பார்த்தால்கூட மனுஷன் அப்படி நிற்கமாட்டான். மேஜை போய்த் திரும்பி வந்தது, போய்த் திரும்பி வந்தது. சத்தமே இல்லை. அவர் பார்வை எண்ணெய்த் தொட்டிக்குப் போனது, அங்கிருந்து டூல் பெட்டிக்குப் போனது. பை கையிலிருந்து நழுவியது.

"போவணும்னா போவணும்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "எதுக்கு எங்கப்பா கையால?"

"சொன்னா நீ விடமாட்ட." என்றார். "சத்தியம் வேற. அந்தக் கட்டர் தெறிச்சப்ப நான் செத்துட்டேன்டி. உன் மேல பட்டிருந்தா..."

"பட்டிருந்தா நீங்க நிம்மதியா போயிருக்கலாம்."

அவர் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் போவல. மிஷின் ஓடுதே. எப்படிப் போவேன்?" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரும் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு இரும்புக்குப் பயந்து என் வீட்டில் இருக்கப்போகிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மேஜை பாதியில் நின்றது.

"நின்னுடுச்சு. போங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். விளங்கியது போலவும் விளங்காதது போலவும் பார்த்தார். "மறுபடி எப்ப ஓட்டுவ?"

"நீங்க ஏறுன பஸ் கண்ணுக்கு மறைஞ்சதும். அப்புறம் நிறுத்தமாட்டேன். சத்தியம் பண்ணுனது நீங்க, அங்க எத்தன நாளு இருக்கறதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

போனார். பஸ் நிலையத்துக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். அப்பா வந்தபோதெல்லாம், மாமா கொண்டுவந்த மை அருமை என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். அப்பா கொண்டுவந்த மை மூங்கில்களை ஆணியில் மாட்டி வைத்தேன். அக்காவையும் பட்டறைக்குக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவளுக்கும் சின்னக் கை, ஜெட் குத்த வசதி.

இரண்டு வருஷ காண்ட்ராக்டில் போனவர் முதல் வருஷம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றார். டேப்ரெக்கார்டர் இல்லை, அதே பைதான். இளைத்திருந்தார். என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. உள்ளே சத்தமில்லாததைப் பார்த்து அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஓடுதா?" என்றார்.

கரண்ட் இல்லை, அவ்வளவுதான். எண்ணெய் படிந்த கையால் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.